நாரைகள் உட்கார்ந்த இடம்

மரம் போன பிறகும் நாரைகள் அதே கிளைகளில்தான் உட்கார்ந்தன. ஏரிக்கரையில், மாடி உயரத்தில், வெறும் காற்றில் பதினோரு நாரைகள் நிற்பதையும், நடுவே நான்கு கூடுகள் எதிலும் படாமல் இருப்பதையும் ஊர் ஒரு வாரம் வாய் பிளந்து பார்த்தது. மறுவாரம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

மரத்தை எடுத்தவர் ஸ்டுடியோக்காரர். பகலெல்லாம் பாஸ்போர்ட் படங்களில் அடுத்தவர் மருக்களை அழித்துப் பிழைத்த மனிதர். விடிகாலை மட்டும் அவருக்குச் சொந்தம். ஏரியைப் படம் எடுத்துவந்து கணினியில் போட்டு விதவிதமாக மாற்றிப் பார்ப்பார். வானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தார், இரண்டு விடியல்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினார், தண்ணீரைச் சிவப்பாக்கினார். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, சூரியனுக்கும் தண்ணீருக்கும் குறுக்கே நின்ற அந்த ஒற்றை மரம் அவர் கண்ணை உறுத்தியது. அதை வேரோடு அழித்து, அந்த இடத்தைத் தண்ணீரால் மூடி, பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட்டார். படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது.

இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஆறு வருஷமாக ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த அவர் மனைவிக்கு அந்த மரம்தான் வெளியுலகம்.

“என்னங்க, மரத்தைக் காணோமே?”

அவர் மறைக்காமல் சொன்னார். அவள் சத்தம் போடவில்லை.

“அழிச்சது நீங்கதானே? நீங்களே திரும்ப வச்சிடுங்க.”

அவரும் முட்டி மோதிப் பார்த்தார். பழைய படங்கள் எதிலும் அந்த மரம் மிச்சமில்லாததால் வேறு படங்களிலிருந்து மரங்களை வெட்டி ஒட்டினார், ஞாபகத்திலிருந்து கிளை கிளையாக வரைந்தார். எதுவும் வேர் பிடிக்கவில்லை. மூன்றாம் வருஷம் நிழல் மட்டும் வந்தது. காலையில் நீண்டு உச்சிவேளையில் சுருங்கும் முறையான நிழல். மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் அதில் உட்காரவைத்தார்.

“குளுகுளுன்னுதான் இருக்கு. ஆனா நான் நிழலையா கேட்டேன்?” என்றாள்.

பெரிய நாரைகளுக்குக் கிளைகள் இருந்த இடம் தெரியும். மரத்தையே பார்த்திராத குஞ்சுகளுக்கு எப்படித் தெரியும்? வருஷா வருஷம், கூட்டைவிட்டு முதல் அடி எடுத்து வைத்ததும் விழுந்தன. ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு அவர் போர்வையை விரித்துப் பிடித்தபடி கீழே நின்றார். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் விழுந்தது. ஜன்னலிலிருந்து அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பதைத் தாண்டிய அன்று, “ஜன்னலைச் சாத்திடுங்க” என்றாள். அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

நாரைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் வெறும் கூடுகள் நின்றன. அவர் ஸ்டுடியோவை மறுபடி திறந்து மருக்களை அழிக்க உட்கார்ந்தார். கோடை வந்தால் நிழல் இலை உதிர்க்கும். சின்னச் சின்னக் கருமைகள் சாலையில் உருண்டு போகும். பெருக்க வரும் நகராட்சிப் பெண் அவற்றை ஓரமாகக் கூட்டித் தள்ளிவிட்டு, ஸ்டுடியோ வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடிப்பாள்.

“இந்த வருஷம் குப்பை ஜாஸ்திங்க” என்பாள்.

“ஆமாம்மா, வெயில் அப்படி” என்பார் அவர்.