உள்பாக்கெட் வைத்த பை

என் வீட்டுக்காரர் இரண்டாவது தடவை சூப் கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகச் சுருக்கென்றது. காலிக் கிண்ணத்தை நீட்டியபடி, என்னைப் பார்க்காமல், என் தங்கையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?" என்றார். பதினான்கு வருஷமாக இந்த மனுஷனுக்கு ஆக்கிக் கொட்டுகிறேன். போட்டதைத் தின்றுவிட்டு டிவி பக்கம் நகர்கிற ஜென்மம். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து உதிராது. அப்படி என்ன பெரிய சூப்? கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒரு பிடி பருப்பு. நான் வைத்தாலும் அதே சாமான்தான், அதே அடுப்புதான். நான் வைத்தால் அது சூப். அவள் வைத்தால் மட்டும் வீடே மோப்பம் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து நிற்கிறது.

குட்டி வந்து அப்போது நாலு நாள் ஆகியிருந்தது. முப்பத்து நாலு வயதுக்காரியை இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். பனி கொட்டுகிற ஒரு காலையில் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வாசலில் நின்றாள். கவருக்குள் ஒரு செட் மாற்றுத்துணி, சர்டிபிகேட்டுகள், ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி ஒரு ஜோடி. அவ்வளவுதான். வலது கையில் மோதிர விரல் முழுசாக மடங்கவில்லை. "கதவுல மாட்டிக்கிச்சுக்கா" என்றாள். எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை. போன தடவை மாடிப்படி. அதற்கு முன்னால் பாத்ரூம் தரை. அவள் புருஷன் வீட்டில் கதவும் படியும் தரையும் இவளை மட்டும் தேடித் தேடி அடிக்குமா என்ன? எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பின்னால் எல்லாவற்றையும் செய்தேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"பனி விடுற வரைக்கும்தான்கா. ஸ்கூல் தொறந்ததும் அங்க கிச்சன்ல வேலை போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காங்க. தங்கறதுக்கு ரூமும் அங்கேயே உண்டு. ரெண்டே ரெண்டு மாசம்."

"இதென்னடி பேச்சு, இது உன் வீடு" என்றேன். சொன்ன அன்றைக்கு மனசாரத்தான் சொன்னேன்.

நான் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். குளிர்காலம் வந்தால் எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. கோட்டுக்கு ஜிப் மாற்ற வேண்டும், போன வருஷத்து உடம்பை விட்டுவிட்டு வந்தவர்களுக்குத் தையல் பிரித்து விட வேண்டும், கை நீளம் குறைக்க வேண்டும். சமையலறைப் பக்கம் போகிறபோதே எரிச்சலோடுதான் போவேன். அவள் வந்த பிறகு நான் போக வேண்டியதே இல்லாமல் போயிற்று. காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியில் உறைந்த பனியைத் துடைத்து வைத்திருப்பாள். பழைய ரொட்டியைத் தண்ணீர் தெளித்துச் சட்டியில் மூடி வைத்துச் சூடாக்குவாள். புதிது மாதிரி எழுந்து வரும். கேரட் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற என் மகள், சித்தி மடியில் சாய்ந்து கிண்ணத்தை வழித்து நக்கினாள். அவருக்கோ ஆறு மணி ஆனால் போதும், பஸ் டிப்போவிலிருந்து நேராக வீடு. முன்பெல்லாம் ஓவர்டைம், ஓவர்டைம் என்று உயிரை விடுவார். "வீடே வெதுவெதுன்னு இருக்குல்ல?" என்றார் ஒரு நாள். ஹீட்டர் அதே ஹீட்டர்தான்.

தப்பாக ஒன்றும் இல்லை. அவர் அந்த மாதிரி ஆள் கிடையாது. அவளும் "மாமா" என்பதற்கு மேல் அவரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. தப்பாக ஏதாவது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். நாலு பேர் நடுவில் தலைமயிரைப் பிடித்து இழுத்து வெளியே விட்டிருக்கலாம். சூப் நன்றாக வைக்கிறாள் என்பதற்காக ஒருத்தியைத் துரத்த முடியுமா? வாய்விட்டுச் சொன்னால் காறித் துப்ப மாட்டார்களா?

வருஷக் கடைசி விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கியது கூடாது, கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். நான் தையல்காரி, சட்டமும் என்னுடையது. ஆகவே வருஷா வருஷம் நான் கொடுப்பதுதான் உசத்தியாக இருக்கும். அவர் ஒரு மரப்பலகையைத் தேய்த்து ஏதாவது ஆணி அடித்துத் தருவார். மகள் அட்டையில் படம் வரைவாள். நான் கொடுப்பதைத்தான் எல்லோரும் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்று, வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு நாள்தான் எனக்கு.

இந்த வருஷம் குட்டியும் பின்னிக்கொண்டிருந்தாள். மடங்காத விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மூன்று விரலால் நூலைத் தள்ளித் தள்ளி, மத்தியானம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் போனால் மடிக்கடியில் ஒளித்துவிடுவாள். எங்கள் அம்மாவும் தையல்காரிதான். பரிசுக்குத் தைக்கிறபோது ஆளை நிற்க வைத்து அளக்கக் கூடாது, தெரிந்துபோகும். அவர்கள் அடிக்கடி போடுகிற துணியைத் திருட்டுத்தனமாக எடுத்து அளந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதனால் அலமாரியில் என் துணி ஒன்று கலைந்திருந்தபோது நானும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன்.

அவளுக்கு என்ன தைப்பது என்று யோசித்து ஒரு ஏப்ரன் வெட்டினேன். காவிக் கோடு போட்ட பருத்தித் துணி, முன்னால் பெரிய பாக்கெட், கழுத்துப் பட்டை உறுத்தாமல் இருக்க உள்ளே பஞ்சு. ஸ்கூல் கிச்சனுக்குப் போட்டுக்கொண்டு போகட்டும் என்று நிஜமாகவே ஆசையாகத் தைத்தேன். கடைசி ஓரம் அடித்துக்கொண்டிருக்கும்போது மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, சித்தி இங்கயே இருந்துடட்டுமே. நீ பாட்டுக்குத் தெச்சுக்கிட்டே இரு, சித்தி எங்களுக்கு சமைக்கட்டும்."

எங்களுக்கு என்றாள். அந்த 'எங்க'ளில் நான் இல்லை. ஏப்ரனை மடித்து வைத்துவிட்டு, யாரோ வாங்காமல் போன கோட்டுத் துணியை எடுத்தேன். கருநீலம், முரட்டுத் துணி. இரண்டு நாளில் ஒரு பயணப்பை தைத்து முடித்தேன். தோளில் மாட்டப் பட்டை, பக்கவாட்டில் தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று, சர்டிபிகேட் வைக்க ஜிப் போட்ட உள்பாக்கெட் ஒன்று. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் தைத்ததில்லை. இரண்டையும் தனித்தனியாகப் பேப்பரில் சுற்றி அலமாரி மேல் தட்டில் வைத்தேன். எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யவில்லை. பரிசு கொடுக்கிற அன்று காலைவரைக்கும் முடிவு செய்யவில்லை, சத்தியமாக.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஹாலில் உட்கார்ந்தோம். அவருக்குக் குட்டி ஒரு தொப்பி பின்னியிருந்தாள், காதை மூடுகிற மாதிரி. போட்டவர் கழற்றவே இல்லை. மகளுக்குக் கையுறை, கட்டைவிரல் மட்டும் சிவப்பு. "ஐயோ சித்தி!" என்று கத்திக்கொண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஸ்வெட்டர். கரும்பச்சை. தோளில் இலை இலையாக ஒரு பின்னல். மூன்று விரலால் பின்னியது என்று சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். போட்டேன்.

கை, விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. கழுத்து ஒரு தோளைவிட்டு வழுக்கி விழுந்தது. இடுப்பில் இன்னும் நாலு விரல் அகலம் மிச்சம்.

"அம்மா, உள்ள இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கு!" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, வயிறு குலுங்க. "குட்டி கண்ணுக்கு அவ அக்கா அவ்ளோ பெருசா தெரியுறா போல."

குட்டி முகத்தில் ஈயாடவில்லை. "அளந்துதான்கா போட்டேன். நெஜமா அளந்துதான் போட்டேன்."

"பரவால்ல விடு" என்றேன். குரலில் தேன் ஒழுகியது. எழுந்து போய் மேல் தட்டிலிருந்து பெரிய பொட்டலத்தை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன்.

பேப்பரைப் பிரித்தாள். பை மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. மகளுக்குக்கூடப் புரிந்துவிட்டது, பன்னிரண்டு வயதில் புரியாதா? குட்டி பட்டையை இழுத்துப் பார்த்தாள். ஜிப்பைத் திறந்து மூடினாள். உள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

"உள்பாக்கெட்டெல்லாம் வெச்சிருக்கியே" என்றாள். ஜிப்பை மறுபடி மூடிவிட்டு, "ரொம்ப நல்லா தெச்சிருக்கேக்கா. காலையில பஸ் எத்தன மணிக்கு?"

"பத்துக்கு ஒண்ணு இருக்கு" என்றேன். யோசிக்கவே இல்லை; பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குமேல் அவளுக்கு என்ன சொல்ல வேண்டும்? என் வீட்டுக்காரர் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். டிப்போவில் முழு பஸ்ஸையே பிரித்துப் பூட்டுகிற தைரியசாலி. மாமா என்று கூப்பிட்டவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் கையுறையைக் கழற்றாமலே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சமையலறையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள். "இன்னும் ஒரு மாசம்தான்கா பாக்கி. தையல் ரூம்லயே படுத்துக்கறேன். சமைக்க வேணாம்னா சமைக்கல."

பார்த்தீர்களா, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் என்னடி சமைக்காதேன்னா சொன்னேன்? உன் புருஷன் போன் மேல போன் போடுறாரு. திருந்திட்டேன்னு அழுவுறாரு. எத்தன நாளைக்கு இப்படியே மொறச்சுக்கிட்டு இருப்பீங்க ரெண்டு பேரும்?"

"அவரு எப்பவும் போன்ல திருந்திடுவாருக்கா" என்றாள். சோப்பு நுரையில் அந்த ஒரு விரல் மட்டும் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தேன். ஏப்ரன் மேல் தட்டில்தான் இருந்தது. நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் எனக்கு முன்னால் எழுந்து ஒரு பெரிய சட்டி நிறையச் சூப் வைத்து, ஆறவைத்து, டப்பாக்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் அடுக்கியிருந்தாள். மூன்று நாளைக்கு வந்தது. பஸ்ஸில் ஏற்றிவிட நான்தான் போனேன். ஏறுகிற வரைக்கும் நான் ஏதாவது சொல்லுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜன்னல் பக்கம் உக்காராத, காத்து அடிக்கும்" என்றேன்.

ஸ்வெட்டர் பெரிதாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது என்று அந்த வாரம் முழுக்க எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் எடுபடவும் செய்தது. பிறகு ஒரு நாள் என் பழைய சாம்பல் நிற ஸ்வெட்டரை அலமாரியிலிருந்து எடுத்தேன். வீட்டுக்குள் எப்போதும் போட்டுக்கொள்வது. ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டித் தொங்கவிட்டு, தொங்கவிட்டு, கை இழுபட்டு, கழுத்து அகன்று, இடுப்பு தொளதொளத்துப் போயிருந்தது. நான் கையை மடித்து விட்டுக்கொண்டுதான் போடுவேன். பின்னல் துணியைத் தொங்கவிடக் கூடாது என்று வருகிற பொம்பிளைகளுக்கெல்லாம் வாய் கிழியச் சொல்கிறவள் நான். பச்சையை அதன்மேல் விரித்து வைத்தேன். கைக்குக் கை, கழுத்துக்குக் கழுத்து, ஒரு நூல் வித்தியாசம் இல்லை. அவள் என்னைச் சரியாகத்தான் அளந்திருந்தாள். நான்தான் அந்த அளவில் இல்லை. நன்றாக அழுதேன். ஆனால் பை அந்தச் சிரிப்புக்குப் பத்து நாள் முன்னாலேயே தைத்து முடிந்திருந்தது. அதை எந்த அழுகையில் கொண்டுபோய்க் கரைப்பது?

டப்பாக்கள் தீர்ந்த பிறகு வீட்டில் யாரும் சாப்பாட்டு மேஜையில் பேசவில்லை. அவர் மறுபடி ஓவர்டைம் போனார். மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துகொண்டே இருந்தாள். டப்பாக்கள் தீர்ந்த எட்டாம் நாள் சாயங்காலம், "சித்தி மாதிரி வெச்சா சாப்பிடறேன்" என்று ஒரே போடாகப் போட்டாள். வெங்காயத்தை நறுக்கிவிட்டுப் போனை எடுத்தேன். சூப் எப்படி வைப்பது என்று கேட்கத்தான் போன் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அது பாதி நிஜம்.

நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"குட்டி, எப்படிடி இருக்கே?"

"நல்லா இருக்கேன்க்கா." மூக்கு அடைத்த மாதிரிக் குரல். "சொல்லு."

"பாப்பா சாப்பிடவே மாட்டேங்குறாடி. அந்த சூப்பு... எப்படி வெப்பே?"

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மெதுவாக, வேகமில்லாமல், பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். "அடுப்பு பத்த வெச்சிருக்கியா? சின்னதா வை. வெங்காயத்த போட்டுட்டு அவசரப்படாத, உனக்கு எப்பவும் அவசரம். நல்லா செவக்கட்டும். செவந்துச்சா? இப்ப கேரட்டு. மூடி போடாத. கேரட்டு ஓரம் லேசா சுருங்கும் பாரு, அப்போ..."

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. "யாரு போன்ல?"

"ராங் நம்பருங்க" என்றாள் குட்டி.

போன் வைக்கப்படவில்லை. எங்கேயோ கவிழ்த்து வைத்த சத்தம் கேட்டது. நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. அப்புறம் துண்டிக்கப்பட்டது.

நான் மறுபடி அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப் என்றது. கரண்டியைப் பிடித்தபடி அடுப்பு முன்னால் நின்றேன். கேரட் ஓரமெல்லாம் சுருங்க ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு பருப்பா, தண்ணீரா, என்ன போடுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஹாலிலிருந்து மகள், "அம்மா, என்னவோ தீயுது" என்று கத்தினாள். சட்டிக்குள் ஒவ்வொரு துண்டாகக் கறுத்துக்கொண்டு வந்தது.