எண்பத்தெட்டு வாக்கு

கன்ரீனில் வாக்கு எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் சிவமலர் அயன் மெஷினுக்கு முன்னால் நின்று விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஈர விரிப்பின் ஒரு மூலையை அவர் பிடிக்க, மற்ற மூலையைக் கம்சிகா பிடிப்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓர் உதறு உதறி ஓடும் பட்டியில் வைத்ததும், சூடான உருளை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு எட்டு. நகரத்து ஹோட்டல்களின் கட்டில்களுக்கு அவ்வளவும் பின்னேரம் போய்ச் சேரவேண்டும்.

சண்முகராசா கழுவிய விரிப்புகளை ட்ரொலியில் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, அங்க எண்ணத் தொடங்கிட்டினம். நீங்கள் போகேல்லையோ?"

"நான் போய் என்னத்துக்கு? ட்ரொலியைக் கொஞ்சம் கிட்ட விடுங்கோ அண்ணை."

பிளேஸ்டோவில் ரயில்பாதைக்குப் பின்னால் இருந்த அந்த லோண்டரியில் நூற்று நாற்பது பேர் வேலை செய்தார்கள். யாழ்ப்பாணத்தவர்கள்தான் பாதிக்கு மேல். மிச்சப்பேர் கானா, ருமேனியா, வங்காளதேசம். யூனியன் கிளைக்குப் பன்னிரண்டு வருடமாகக் கணேசலிங்கம்தான் தலைவர். இதுவரை அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை. இந்த முறை கானாக்காரி அபேனாவும் பிலோமினம்மாவும் சேர்ந்து சிவமலரின் பெயரைக் கொடுத்தபோது எல்லோரும் பகிடி என்றுதான் நினைத்தார்கள். சிவமலர் பிரான்சில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஒருவரிடமும் போய் வாக்குக் கேட்கவில்லை.

"அண்ணை, உங்களுக்குக் குறைஞ்சது நூறு. அவவுக்குப் பத்து விழுந்தாப் பெரிய காரியம்" என்று முதல் நாள் கணேசலிங்கத்திடம் சண்முகராசா சொல்லியிருந்தார். சண்முகராசா ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வந்தபோது இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரே கணேசலிங்கம்தான்.

போட்டி வந்ததற்குக் காரணம் ஜூலை மாத வெக்கை. மெஷினடியில் நின்ற சுசிலா மயங்கி விழுந்தாள். உருளை ஓடிக்கொண்டிருந்தது. சிவமலர் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அமத்தினார். சுசிலாவின் தலையைத் தன் மடியில் வைத்து, நனைத்த துவாயால் முகத்தைத் துடைத்தார். ஒன்பது நிமிடம் மெஷின் நின்றது. அடுத்த கிழமை இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சொல்லாமல் வேலையிடத்தை விட்டதாகச் சுசிலாவுக்கு, அனுமதியில்லாமல் மெஷினை நிறுத்தியதாகச் சிவமலருக்கு. சுசிலாவுக்கு அது மூன்றாவது கடிதம். விசாரணையில் தோற்றால் வேலை போய்விடும். கணேசலிங்கம் கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்து, "பாப்பம், கொஞ்சம் பொறுங்கோ" என்றார். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் பேசவில்லை.

யூனியன் அலுவலகத்திலிருந்து வந்த பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முடிவை வாசித்தாள். கணேசலிங்கத்துக்கு நாற்பத்தொன்று. சிவமலருக்கு எண்பத்தெட்டு.

யாரோ திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். அவள் திரும்ப வாசித்தாள். அபேனா இரண்டு கைகளாலும் மேசையில் அடித்தாள். கணேசலிங்கம் எழுந்து அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அதன் பிறகுதான் கதை தொடங்கியது.

"நான் பாவம் பாத்துப் போட்டனான். ஒண்டுமே விழாட்டி அக்கா கவலைப்படுவா எண்டு" என்றாள் கம்சிகா. அவள் முடிவைக் கேட்க ஓடி வந்திருந்தாள்.

லொறி ஓட்டும் றமணன் தலையைச் சொறிந்தார். "என்ர ஒண்டால என்ன வரப்போகுது எண்டுதான் நானும் போட்டனான். கணேசண்ணை எப்பிடியும் வெல்லுவார்தானே."

"நீரும் போட்டனீரோ?"

"நீங்களும் போட்டனீங்களோ?"

மேசைக்கு மேசை இதே கேள்விதான். பிலோமினம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நானும் அபேனாவும் மட்டும்தான் எண்டெல்லோ நினைச்சு ராத்திரி நித்திரை கொள்ளேல்லை. எண்பத்தெட்டுப் பேரும் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் போட்டிருக்கிறியள்!"

காலையில் வாக்குச்சீட்டோடு நின்றபோது சண்முகராசாவின் பென்சில் முதலில் கணேசலிங்கத்தின் பெயருக்குப் பக்கத்தில்தான் போனது. அப்போது போன மாசி மாதம் நினைவில் வந்தது. மனைவிக்கு ஒப்பரேஷன் முடிந்து மூன்று கிழமை, அவருடைய காலை ஷிப்டைச் சிவமலர்தான் செய்தார். தன்னுடைய இரவு ஷிப்டை முடித்துவிட்டு அதற்கும் நின்றாரென்பதை வேறு யாரோ சொல்லித்தான் அவர் அறிந்தார். இவவுக்கு ஒரு வோட்டு எண்டாலும் இருக்கட்டும் என்று நினைத்துப் புள்ளடியைக் கீழேயிருந்த சிவமலரின் பெயருக்குப் போட்டார்.

கம்சிகா போய்ச் சொன்னபோது சிவமலரின் கை ஒரு கணம் நின்றது. விரிப்பு கோணலாக உருளைக்குள் போனது. "ஐயோ" என்று அதை வெளியே இழுத்து எடுத்துவிட்டு, "கணேசண்ணை எங்க?" என்று கேட்டார்.

கணேசலிங்கம் உடுப்பு மாற்றும் அறையில் லொக்கரைத் திறந்தபடி இருந்தார். சண்முகராசாவும் அங்கேதான் நின்றார்.

"அண்ணை, உங்களை விழுத்தவேணும் எண்டு நான் நிக்கேல்லை" என்றார் சிவமலர். "சுசிலாவுக்குத் திங்கக்கிழமை விசாரணை. அவளின்ர பேப்பர் உங்களிட்டத்தானே இருக்கு?"

கணேசலிங்கம் லொக்கருக்குள் கைவிட்டு ஒரு நீல ஃபைலை எடுத்தார். கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"உள்ள போனவுடன மனேஜர் தேத்தண்ணி தருவார். குடியாதேங்கோ."

"ஏன் அண்ணை?"

"குடிச்சாப் பிறகு சத்தம் வைச்சுக் கதைக்க ஏலாது. நான் பன்னிரண்டு வருசம் குடிச்சனான்."

ஃபைலைக் கொடுத்துவிட்டுக் கோட்டை எடுத்துப் போட்டார். ஸ்டேஷன் வரை சண்முகராசாவும் கூட நடந்தார். படியடியில் சண்முகராசா நின்றார்.

"அண்ணை, நானும்..."

"தெரியும்."

"எப்பிடி?"

"காலமை தொடக்கம் நீர் என்ர முகத்தைப் பாக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, கணேசலிங்கம் கைப்பிடியைப் பிடித்துப் படியேறினார்.

திங்கட்கிழமை சிவமலர் வேலையுடுப்போடேயே மனேஜரின் அறைக்குப் போனார். ஆங்கிலத்துக்கு, பிரெஞ்சும் தெரிந்த அபேனா கூட. தேநீர் வந்தது. சிவமலர் கோப்பையை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, நீல ஃபைலிலிருந்து அல்ல, தன்னுடைய சட்டைப் பையிலிருந்து ஒரு கொப்பித் தாளை எடுத்தார். ஜூலை மாதம் முழுக்க, சுவரில் தொங்கும் வெப்பமானியை மணிக்கொரு தடவை பார்த்துக் குறித்திருந்தார். சுசிலா விழுந்த அன்று பத்து மணிக்கு முப்பத்தாறு. பதினொரு மணிக்கு முப்பத்தெட்டு. பன்னிரண்டேகாலுக்கு முப்பத்தொன்பது. அதற்குக் கீழே, "விழுந்தாள்."

"இதை யார் எழுதச் சொன்னது?" என்று மனேஜர் கேட்டார்.

அபேனா திருப்பிச் சொல்ல முதலே சிவமலர் ஆங்கிலத்தில் சொன்னார்: "யாரும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, எழுதினேன்."

நாற்பது நிமிடம் போனது. சுசிலாவின் கடிதம் ரத்தானது. மெஷினடிக்கு இரண்டு பெரிய காற்றாடிகள் வரும் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். சுசிலா படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். றமணன் லொறியின் ஹோர்னை அடித்தார். பிலோமினம்மா கொண்டுவந்த வடையை ருமேனியப் பெண்கள்கூட உறைப்பில் ஊதி ஊதித் தின்றார்கள்.

"உங்கட கடிதம் என்ன மாதிரி, தங்கச்சி?" என்று சண்முகராசா கேட்டார்.

"அது கிடக்கட்டும். அதைக் கதைச்சா, எனக்காண்டி வந்தனான் எண்டு நினைப்பினம். அவளின்ரை முதல் முடியட்டும்."

புதன்கிழமை காலை அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எல்லோரும் எல்லா வேலையும் பழக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கீழே மாற்றப்படுகிறவர்களின் பட்டியல். பட்டியலில் இருந்தது ஒரேயொரு பெயர்.

சிவமலரை அழுக்குப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். ஆசுபத்திரிகளிலிருந்து வருகிற இரத்தமும் மலமும் பட்ட துணிகளைப் பிரிக்கிற இடம் அது. கிருமி பரவக்கூடாது என்று நடுவில் முழுச் சுவர் கட்டியிருந்தது. அந்தப் பக்கத்தவர்களுக்கு வாசல் வேறு, கன்ரீன் வேறு, இடைவேளை நேரமும் வேறு. வேலை நேரத்தில் இந்தப் பக்கத்தவர் யாரும் அங்கே போக முடியாது. யூனியன் அலுவலகத்துக்கு அபேனா போன் பண்ணினாள். முறைப்பாடு பதியலாம், ஆனால் முடிய மாதக் கணக்காகும் என்றார்கள்.

பத்தரை மணிக்கு இடைவேளை மணி அடித்தது. முதலில் போனவள் சுசிலா. சுவரில் ஓரிடத்தில் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் முகமூடியும் முழங்கை வரை கையுறையும் பிளாஸ்டிக் ஏப்ரனும் போட்டுச் சிவமலர் நின்றார். மேலேயிருந்து சிவப்புப் பைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. சுசிலா கண்ணாடியில் தட்டினாள். சத்தம் அங்கே கேட்கவில்லை. சிவமலர் தற்செயலாகத் திரும்பினார். கண்கள் மட்டும் சிரித்தன.

சுசிலாவுக்குப் பின்னால் கம்சிகா வந்தாள். அவள் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள்: பிள்ளைக்குச் சுகமில்லாமல் நின்ற நாளை லீவில் வெட்டிவிட்டார்கள். சிவமலர் பையை அவிழ்த்தபடியே வாசித்துத் தலையாட்டினார். அடுத்து றமணன். அடுத்து ஒரு வங்காளப் பெண். அவளுக்குக் கணேசலிங்கம் பின்னால் நின்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சண்முகராசா திரும்பிப் பார்த்தார். தாளும் கையுமாக வரிசை அயன் மெஷினைத் தாண்டிப் போயிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு சிவப்புப் பை வந்து விழுந்தது. இடைவேளை முடிய நான்கு நிமிடம் இருந்தது.