மஞ்சள் கோட்டுக்கு மேடையில் இடமில்லை

மண்டப வாசலில் வைத்து அத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, ஜெயகாந்துக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது.

"உதென்ன கோலம்? கூத்தாடவோ வந்தனீர்?"

கேட்டவர் வாமதேவன், ஜெயகாந்தின் அக்கா கலாதேவியின் கணவர். அன்று அவர்களுடைய மகள் லக்சிகாவுக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் தேங்காய் உடைத்து, பிள்ளையின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போக வேண்டும். கலாதேவிக்குக் கூடப்பிறந்தவன் ஜெயகாந்த் ஒருவன்தான். அவன் போட்டு வந்திருந்ததோ அரைத்தெடுத்த மஞ்சளின் நிறத்தில் ஒரு கோட்.

அந்தக் கோட் வந்த கதையைச் சொல்லத்தான் வேண்டும். தொழிற்சாலையில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் யாரோ கைபேசியில் ஒரு ஃபேஷன் ஷோவை ஓடவிட்டார்கள். ஆம்பிளைகள் பாவாடை கட்டி, நெஞ்சைத் திறந்துபோட்டு, முழங்கால்வரை பூட்ஸ் மாட்டி நடந்தார்கள். பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஜெயகாந்தும் சிரித்தான்தான். பிறகு ஒருவன் மஞ்சள் கோட்டில் வந்தான். தோள் அகலமாய், உடம்பைப் பிடிக்காத வெட்டு. ஜெயகாந்த் சிரிப்பை நிறுத்திவிட்டான். பாவாடையும் பூட்ஸும் அவர்களுக்கே இருக்கட்டும், காலம் முழுக்க நீல வேலையுடுப்புக்குள் கிடக்கிறவனுக்கு அந்த நிறம் ஒன்று போதாதா? தேடிப்பிடித்து வாங்கினான். வெள்ளைச் சட்டைக்கு மேலே போட்டுக் காட்டியபோது மனைவி தேனுஜா, "இப்பதானப்பா உங்கட முகமே தெரியுது" என்றாள்.

இப்போது அத்தானுக்கு அது கூத்து. உள்ளே பிள்ளைக்குப் பல்லக்கு காத்திருக்கிறது, புகை கக்குகிற மெஷின் இருக்கிறது, மேடையில் ஆள் உயர மயில் நிற்கிறது. வாமதேவனே சற்றுமுன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வீடியோக்காரன் சொன்னபடியெல்லாம் அந்தப் புகைக்குள்ளால் திரும்பத் திரும்ப நடந்து காட்டியிருந்தார். அதெல்லாம் கூத்தில்லையாம்!

"எல்லா ஆம்பிளையளும் கறுப்பில நிக்கினம். நீர் ஒராள் நிண்டு போட்டோ அல்பத்தையே பழுதாக்கப் போறீர். உம்மட கறுப்புக் கோட் எங்க?"

"வீட்டில."

"அப்ப ஆரிட்டையாவது வாங்கிப் போடும். ஏலாதெண்டால் நிலக்ஷன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும். அவனும் மாமன் முறைதானே."

நிலக்ஷன் ஜெயகாந்தின் சித்தி மகன். தூரத்து எசன் நகரத்திலிருந்து வந்திருந்தான். லக்சிகா என்ன வகுப்புப் படிக்கிறாள் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவன் ஜெயகாந்த். காய்ச்சல் என்றால் வேலைக்கு லீவு போட்டு ஓடிவருகிறவனும் அவன்தான். கோட்டைக் கேலி செய்ததை வேண்டுமானால் விழுங்கியிருப்பான். ஒரு உடுப்புக்காக மாமனையே மாற்றுவார்களாமா? என்ன துணிச்சல்!

அந்த நேரம் பார்த்துக் கலாதேவி தேங்காய்த் தட்டோடு வந்து சேர்ந்தாள். "இன்னும் என்ன இழுபறி? நேரம் போகுதெண்டு ஐயர் அந்தரப்படுறார்."

"அத்தானைக் கேள் அக்கா" என்றான் ஜெயகாந்த். குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள், அவன் பொருட்படுத்தவில்லை. "என்ர கறுப்புக் கோட் வேணுமாம். அது எங்கட அப்பான்ர செத்தவீட்டுக்கு வாங்கினது. அதைத்தான் இவ்வளவு காலமும் கலியாணவீடு வழியப் போட்டுக்கொண்டு திரிஞ்சனான், வெக்கமில்லாமல். அத்தான், நீங்கள் இப்ப போட்டிருக்கிறதும் அண்டைக்கு வாங்கினதுதானே? ரெண்டு பேரும் ஒண்டாத்தானே கடைக்குப் போனனாங்கள்! நல்ல காரியத்துக்கு மஞ்சள் ஆகாது, செத்தவீட்டுக் கறுப்பு ஆகுமோ?"

வாமதேவனின் கை தன்பாட்டில் கோட்டின் பொத்தானைத் தடவியது.

கலாதேவி கணவனின் கோட்டை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவள்போலப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்த தேங்காயை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள்.

"பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறாள், போ."

ஜெயகாந்த் நடந்தான். பின்னால் அக்காவின் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை, ஆனால் வாசலில் நின்ற அத்தனை கறுப்புக் கோட்டுக்காரருக்கும் விளங்கியிருக்கும்.

"இஞ்சேருங்கோ, அப்பான்ர சவப்பெட்டிக்குப் பக்கத்தில நிண்ட கோட்டோட என்ர பிள்ளைக்குப் பக்கத்தில நிக்காதேங்கோ. கழட்டிப்போட்டு வாங்கோ."