கறிக்கட்டையின் நிழல்

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் நின்ற புளியமரத்தை, ரோட்டை அகலமாக்க வெட்டிக்கொண்டு போனார்கள். நிழல் மட்டும் போகவில்லை. லாரியில் ஏற்ற மறந்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மரம் இருந்தபோது போலவே அது காலையில் மேற்கே நீண்டு, சாயங்காலம் கிழக்கே திரும்பி, காற்றடித்தால் கிளையும் இலையுமாக அசைந்துகொண்டு கிடந்தது. அங்கே கேப்பைக்கூழ் விற்ற செந்தாமரை மறுநாளும் அதே இடத்தில் பானையை இறக்கினாள். புருஷன் செத்தபின் அவளுக்கு இருந்த பிழைப்பு அது ஒன்றுதான். வெயிலில் வைத்தால் கூழ் பொங்கிப் புளித்துவிடும். வண்டிக்காரனும் நிறுத்த மாட்டான்.

பக்கத்து மனைக்காரர் நெடுஞ்செழியனுக்கு இது பொறுக்கவில்லை. நிழல் பாதிக்குமேல் தன் மனையில் கிடப்பதால் முழு நிழலும் தன்னுடையது, அதில் பைக் ஸ்டாண்டு போடப்போகிறேன் என்று வழக்குப் போட்டார். நிழலைப் பற்றிச் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் பழைய தீர்ப்பைத் தேட வேண்டுமாம். தேடியதில், ஜன்னல் வழியே இருபது வருஷம் வந்த வெளிச்சத்தை அடைக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் சொன்ன தீர்ப்பு ஒன்று கிடைத்தது. குளிர்தேசத்துக்காரர்கள் வெயிலுக்குச் சொன்னதைக் கூட்டேரிப்பட்டு நிழலுக்குப் பொருத்தலாமா என்று, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மூன்று கோடை வாதாடினார்கள். நிழலை அளக்கக் கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் ஒருவர் வந்தார். அவர் நான்கெல்லையும் எழுதிவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்குள் எல்லைகள் நகர்ந்திருந்தன. அவர் எழுதியதைத் திருத்தவில்லை. நிழல் ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தார். வெளிச்சத்துக்கு உரிமை உண்டு, நிழல் வெளிச்சம் அல்ல, ஆகவே செந்தாமரைக்கு உரிமை இல்லை என்று கீழ்க்கோர்ட்டு தீர்த்தது. நெடுஞ்செழியன் தன் மனைப்பக்கத்து நிழலில் பைக் ஸ்டாண்டைப் போட்டார்.

செந்தாமரை அப்பீல் போக, மேல்கோர்ட்டு அதை ரத்து செய்தது. உடைந்த கப்பலின் நங்கூரம் யாருக்கு என்று ஏதோ ஒரு துரை எப்போதோ சொன்ன தீர்ப்பு அங்கே கிடைத்தது: பொருள் யாரிடமோ, அதைச் சேர்ந்ததும் அவரிடமே. ஆகவே மரக்கட்டை யாரிடம் இருக்கிறதோ, நிழலும் அவருக்கே. வழக்காடிய இருவரும் ஒரு மாதத்தில் நிழலைவிட்டு வெளியேற வேண்டும்.

"ஜெயிச்சோம்னும் சொல்லலாம்மா, தோத்தோம்னும் சொல்லலாம்," என்றார் செந்தாமரையின் வக்கீல் திருமுருகன்.

"அத்த நீங்களே வெச்சிக்கினு சொல்லிக்கினு இருங்க சார். நாளைக்குப் பானைய எங்க எறக்கறது?"

அவர் அதற்கும் ஒரு பழைய தீர்ப்பைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டினார்.

புளியமரம் வெட்டுப்பட்டால் கறிக்கடைக்குத்தான் போகும். கத்தி எவ்வளவு விழுந்தாலும் சிம்பு பெயராத கட்டை அது. மரம் அறுத்த மில்லில், கட்டைகள் போன மூன்று கடைகளையும் விசாரித்துக்கொண்டு செந்தாமரை கிளம்பினாள். விழுப்புரத்தில் கட்டையை எரித்தாகிவிட்டது. திண்டிவனத்துக் கடைக்காரன், நிழலோடு சேர்ந்த கட்டை என்று கேள்விப்பட்டதும் அதைத் துணி போட்டு மூடி உள்ளே வைத்துக்கொண்டு, வக்கீலைப் பார்க்கணும் என்றான். கோட்டக்குப்பம் சர்புதீன் பாய் நடுவே குழி விழுந்த ஒரு கட்டையைக் கடைக்குப் பின்னால் போட்டிருந்தார்.

"கறி கேப்பாங்க, எலும்பு கேப்பாங்க. நெழலு கேட்டு வந்தவ நீதாம்மா."

"கோர்ட்டுல சொல்லிட்டாங்க பாய். கட்டை உங்களுது, நெழலும் உங்களுது."

"எனக்கே தெரியாம எனக்கு சொத்தா? பேஜாரு புடிச்ச கோர்ட்டு! ரெண்டையும் எடுத்துக்கினு ஜல்தி கெளம்பு. அந்தப் பக்கம் வந்தா ஒரு சொம்பு கூழ் குடு."

அவர் சொல்லி வாயை மூடிய நேரத்தில், கூட்டுரோட்டில் நிழல் விலகி, நெடுஞ்செழியன் மனையில் நின்ற பைக் சீட்டுகளெல்லாம் கொதித்தன. திண்டிவனம் பஸ்ஸில் செந்தாமரை பக்கத்து ஜன்னல்களுக்கு வெயில் வரவில்லை. இலை நிழல் ஆட, ஜனங்கள் தூங்கிக்கொண்டு வந்தார்கள். கண்டக்டர் கட்டைக்கு லக்கேஜ் போட்டார். நிழலுக்குப் போட விதி இல்லை என்று விட்டுவிட்டார்.

கூட்டுரோட்டில் பழைய இடத்துக்கு எதிர்ப்புறம் கட்டையைப் போட்டு அதன்மேல் பானையை வைத்தாள். நெடுஞ்செழியன் தகரக் கூரை போட்டுக்கொண்டார். மேல்கோர்ட்டின் நிழல் தீர்ப்பை இப்போது மரக்காணத்தில் கரை ஒதுங்கிய வலை வழக்கில் வாசிக்கிறார்களாம். வலைக்காரர் இன்னும் கடலுக்குப் போகவில்லை. லாரிக்காரர்கள் செந்தாமரையிடம் நிறுத்துகிறார்கள். புதிதாக வருகிறவன் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பான். மேலே ஒன்றும் இருக்காது. இன்னொரு சொம்பு ஊற்றச் சொல்லுவான்.