லீவுக்குச் சேரும் சொற்கள்

தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க் ஐயம்பெருமாளிடம் லீவு கேட்பதென்றால் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும். அதோடு விடமாட்டார். லீவு என்ற சொல்லோடு சேர்ந்து வரும் சொற்களையெல்லாம் நின்றபடி ஒப்பிக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் முதலிலிருந்து. அந்தப் பெரிய மனுஷருக்கு இது தமாஷ். குமாஸ்தாக்களும் வேலைக்குப் பயந்து சிரித்து வைப்பார்கள். போன ஐப்பசியில் தாய் சாகக் கிடக்கையில் குமாஸ்தா கைலாசம் இப்படித் திக்கித் திணறி நின்றபோது, எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் கிருபைராஜ்.

இன்று அவன் நிற்கிறான். வாசலில் மச்சினன் எலியேசர் வண்டியோடு காத்திருக்கிறான். பாளையங்கோட்டையில் மனைவி ஞானசௌந்தரிக்கு நேற்றிலிருந்து பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது. புருஷன் நேரில் வந்து சம்மதம் சொல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். கேளாமல் ஓடினால் வேலை போய்விடும். அவன் இன்னும் நிரந்தரமாகாதவன்.

"டேக் லீவ், ஆஸ்க் ஃபார் லீவ், அப்ளை ஃபார் லீவ், கெட் லீவ்..."

"பைய சொல்லும் வே, என்ன அவசரம்? இன்னும் ஒண்ணு இருக்கு."

கிருபைராஜ் பக்கத்து மேஜையைப் பார்த்தான். தலை நிமிராமலே கைலாசம் முணுமுணுத்தான்: "மேக் லீவ்." பழசை மறந்து உதவுகிறானே என்று கிருபைராஜுக்குக் கண் கலங்கியது. அப்படியே சொன்னான்.

ஹெட் கிளார்க் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆபீஸே சிரித்தது. "தப்பு வே, தப்பு! நான் வெத்தல போட்டுட்டு வாரேன். அதுவரை இங்கனயே நின்னு யோசியும்."

கைலாசம் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தான். கிருபைராஜுக்கு அப்போதுதான் புரிந்தது. ஐப்பசியில் தான் சிரித்த சிரிப்புத்தான் காதில் கேட்டது.

ஹெட் கிளார்க் சாவகாசமாக வந்து உட்கார்ந்த கையோடு எலியேசர் உள்ளே வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அத்தான், வீட்டுல இருந்து ஆள் வந்துட்டு. இனி டாக்டரம்மா வேண்டாம். அக்காவும் போயிட்டா, பிள்ளையும் போயிட்டு."

கைலாசத்தின் பேனா நின்றது. ஹெட் கிளார்க் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

"அடடா. போயிட்டு வாரும் வே, லீவு தந்தாச்சு." பிறகு பழக்கதோஷத்தில் விரலை ஆட்டினார். "நீர் விட்டது லீவு குடுக்கிற சொல்லைத்தான். கிராண்ட் லீவ். எங்க, சொல்லும்?"

கிருபைராஜ் கையைக் கட்டிக்கொண்டான்.

"கிராண்ட் லீவ், சார்" என்று பிசகாமல் சொல்லிவிட்டுத்தான் வெளியே ஓடினான்.