தொட்டிச் சுவரில் நுரை

தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, ஒரு கைப்பிடி நுரை. மஞ்சள் படர்ந்து, கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அடைமழை இருட்டில் இத்தனை நாளும் யார் கண்ணிலும் படவில்லை. இன்றுதான் வெயில்.

முதலில் பார்த்தவர் கோவிந்தசாமி. பஃபலோ ரோட்டு விடுதிக்கு அவர்தான் பொறுப்பு. தங்கியிருக்கும் ஹார்பர் ஆட்கள் அத்தனை பேரும் இந்தத் தண்ணீரில்தான் குளிப்பார்கள். அவர் இப்போதுதான் வாய் கொப்பளித்து முடித்திருந்தார்.

"கோழை. எவன்டா தொட்டியில எச்சில் பண்ணது?"

எல்லாரும் பரமசிவத்தைப் பார்த்தார்கள். விடுதியில் இருமுகிறவன் அவன் ஒருவன்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து அது. காசநோய் என்று ஒருவன் முணுமுணுத்தால் போதும், சிராங்கூன் ரோட்டில் படுக்க இடம் கிடைக்காது.

"நான் துப்பலண்ணே. இது மாவு மூட்டைத் தூசி இருமல்."

"மாவு இப்படியா நுரைக்கும்? சாயங்காலத்துக்குள்ள பெட்டியைத் தூக்கிக்கோ லா."

பரமசிவம் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி நுரையைக் கீறினான். அது பிசுக்கென்று பிளந்தது. உள்ளே கறுப்புத் தலைகளும் வால்களும் நெளிந்தன. ஒன்று நழுவித் தண்ணீரில் விழுந்து நீந்தியது.

யாரோ சாக்கடைக்கு ஓடி வாந்தியெடுத்தார்கள். கோவிந்தசாமி துண்டால் நாக்கை வழித்துக்கொண்டார்.

"மரத்தவளைதானே, அதுக்கு ஏன் இந்தப் பாடு?" என்றான் உடன் தங்கியிருந்த தங்கராஜு. "பின்னால வாழைப் புதர்லேர்ந்து வரும். தண்ணிக்கு மேலயா பார்த்து நுரை கட்டி முட்டை வைக்கும். குஞ்சு தானா கீழே விழுந்துடும். நான் முன்ன வேலை பார்த்த மண்டாய் தோட்டத்துல மரத்துக்கு மரம் தொங்கும்."

சொல்லிவிட்டுத்தான் உதட்டைக் கடித்தான்.

"அப்ப உனக்குப் பார்த்ததுமே தெரியும்," என்றான் பரமசிவம். "ஏன் சொல்லல?"

தங்கராஜுவின் கண் அறைப் பக்கம் போய் வந்தது. கோவிந்தசாமி அறைக்குள் எட்டிப் பார்த்தார். காற்று வரும் ஒரே இடம் ஜன்னலோரக் கட்டில். அது பரமசிவத்தினுடையது. அதன்மேல் அதற்குள் தங்கராஜுவின் தலையணை ஏறியிருந்தது.

"தூ," என்றார் கோவிந்தசாமி. "பரமசிவம், நீ எங்கேயும் போக வேண்டாம். டேய், நீ தொட்டியைக் கழுவு."

"துடைப்பம் குடுங்கண்ணே."

"கையால வழிடா."

தங்கராஜு கண்ணை மூடிக்கொண்டு நுரைக்குள் விரலை விட்டான். பரமசிவம் அறைக்குள் போனான். தலையணையில் எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாகப் படிந்திருந்தது. அதை ஈர்க்கு முனையாலேயே தள்ளித் தரையில் போட்டான்.