தண்ணீர் சொன்னால்தான் விசிறி

வீட்டிலிருந்தே விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவளுக்குக் கணினியின் விசிறிதான் சக்களத்தி. இவள் வாயைத் திறந்தால் போதும், அதுவும் ஊளையிடும். கணினி பழுதுபார்க்கும் தம்பி வந்து மூடியைக் கழற்றினான்.

"அக்கா, விசிறி பிராசசர் சூட்டைப் பார்த்துச் சுத்துது. அந்தச் சூடு எங்க முதலாளி மாதிரி, தொட்டதுக்கெல்லாம் எகிறும். ஆனா பிராசசரைக் குளிர வைக்க உள்ள குழாயில ஓடுதே தண்ணி, அது நிதானமாத்தான் சூடாகும். இனிமே தண்ணியில இருக்கற சென்சார் சொன்னாத்தான் விசிறி வேகமெடுக்கும்."

அப்படியே மாற்றினான். விசிறி பெட்டிப்பாம்பாய் அடங்கியது. அவள் சோப்பு விளம்பரத்தை ஒரே மூச்சில் பேசி முடித்தாள். போட்டுக் கேட்டால், "மென்மையான சருமத்துக்கு" என்ற இடத்தில் கர்ரென்று ஒரு சத்தம்.

"டேய், இன்னும் இரையுதேடா!"

"விசிறி இல்லக்கா. பக்கத்து ரூம்ல மாமா குறட்டை விடறாரு."

அவள் போய்ப் புருஷனை உலுக்கி எழுப்பி, கையில் பையைத் திணித்துக் கடைக்கு விரட்டிவிட்டு, மறுபடியும் மைக் முன்னால் உட்கார்ந்தாள்.